கையெடுத்தால் நிற்கும் வண்டி

பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்
கண் பரிசோதனை அறைக்கு அடுத்த அறை.
பதினேழு வருடம் அதே வராந்தாவில்
சிவப்பு, பச்சை சரியாகச் சொல்லிப் பாஸானவன்
இப்போது ஒரு கதவு தள்ளிப் போய் உட்காருகிறேன்.

"எங்கிருந்து வேணும்னாலும் ஆரம்பிக்கலாம்"
என்றார் பெனடிக்டா மேடம்.
கடற்கரையிலிருந்து ஆரம்பித்தேன்.
கோட்டை, பூங்கா, எழும்பூர், சேத்துப்பட்டு,
ஒவ்வொன்றிலும் அரை நிமிடம் நின்று
கிண்டிக்கு வந்ததும் வாய் நின்றுவிட்டது.
கிண்டிக்கும் பரங்கிமலைக்கும் நடுவே
நவம்பர் மழை,
தண்டவாளம் கடக்கும் ஒரு கறுப்புக் குடை.
குடைக்குக் கீழே யாரென்று
குடை சொல்லவில்லை.

மேடம் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன். நாற்பது நிமிடம் தாமதம்.

மூன்று பத்தி போட்ட தாள் ஒன்று கொடுத்தார்.
நடந்தது. நான் நினைத்தது.
வேறு எப்படியும் நினைக்கலாமா.
பத்தி பத்தியாய் எழுதுவது எனக்குப் பழக்கம்தான்:
18.42 ஹாரன்.
18.42 மறுபடி ஹாரன்.
18.42 அவசர பிரேக்.
இரண்டாவதில், கொன்றுவிட்டேன்.
மூன்றாவதை மூன்று வாரம்
காலியாகவே கொண்டுபோய்க் காட்டினேன்.
நாலாம் வாரம் பென்சிலால் எழுதினேன்:
எழுபதில் போகிற வண்டி நிற்க
கால் கிலோமீட்டர் வேண்டும்.
"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமே?"
தெரியும் மேடம், டிரெயினிங்கில் முதல் வாரமே.
தெரிஞ்சது ஒரு பெட்டியில இருந்தது,
நான் வேற பெட்டியில இருந்தேன்.

மச்சான் குவார்ட்டர் வாங்கி வந்தான்.
மாமியார் திருநள்ளாறு என்றார்.
டெப்போவில் ஒருவர்
தன் சர்வீஸில் நாலு பேர் என்றார்,
ஆறுதலாகத்தான் சொன்னார்.
"பேசறதுக்கு ஆஸ்பத்திரியா? எங்கிட்ட பேசேன்"
என்றாள் பூங்குழலி.
ஒருநாள் அவளையும் கூட்டி வரச் சொன்னார்கள்.
அவள் எதுவும் சொல்லவில்லை,
வளையலை மேலே தள்ளி
மணிக்கட்டைக் காட்டினாள்.
தூக்கத்தில் நான் பிடித்த பிடி
ஐந்து விரலாய்க் கன்றியிருந்தது.

எங்கள் வண்டியில் ஒரு கைப்பிடி உண்டு.
அழுத்தியே இருக்க வேண்டும்.
கையெடுத்தால் ஓட்டுகிறவன் செத்துவிட்டான் என்று
வண்டியே நினைத்துக்கொண்டு நின்றுவிடும்.
இதை மேடத்திடம் விளக்கினேன்.
வெகுநேரம் என் கையையே பார்த்தார்.

ஒருமுறை எதிரே காலி நாற்காலியைப் போட்டு
அவர் அங்கே உட்கார்ந்திருப்பதாய் நினைத்துப் பேசச் சொன்னார்.
மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று நினைத்தேன்.
"யோவ், குடையைத் தூக்கிப் பார்க்க மாட்டியா"
என்று கத்திவிட்டேன்.
பக்கத்து அறையில் எழுத்து வாசித்துக்கொண்டிருந்தவர்
ஒரு வரி விட்டுவிட்டாராம்.

இன்னொருமுறை குடையையே கொண்டுவந்தார்.
முதலில் மடித்து, மேசையில்.
அடுத்த வாரம் பாதி விரித்து.
அதற்கடுத்த வாரம் அறைக்குள் முழுதாக.
மழையில்லாத நீலக் குடைக்கு எதிரே
வேர்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு கம்பி வளைந்திருந்தது.
அதைக் கவனித்தேன் என்பதே முன்னேற்றமாம்.

செவ்வாய்க்கிழமைகளில் நாலு பேர் வட்டமாக.
சுதர்சன ராவ், கார்டு வேலை.
அரக்கோணம் லைன் கேட்மேன் ஜெயசீலன்.
இன்னொருவர் பேரே சொல்லவில்லை,
எல்லோர் டம்ளரையும் அவர்தான் கழுவி வைப்பார்.

"நீங்க யாருகிட்ட மேடம் பேசுவீங்க?"
கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.
அடையாறில் ஒருவரிடம், வியாழக்கிழமை என்றார்.
அவர் யாரிடம் போவார் என்று கேட்கவில்லை.

இன்று கிளம்பும்போது நல்ல மழை.
அந்த நீலக் குடையை நீட்டினார்.
"அடுத்த வாரம்" என்றேன்.
தாளைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு
லோகோ ஒர்க்ஸ் ஸ்டேஷன் வரை நனைந்தே நடந்தேன்.
ஆவடி யூனிட் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது.
பிளாட்பார ஓரத்தில் நின்று கை காட்டினேன்.
பிடியில் ஒரு கை இருக்க
இன்னொரு கையை
அசைத்துவிட்டுப் போனார்.